ஊசி கோர்த்தால்தான் சாவி

எங்க அக்கா ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிக்கிறாள்னு ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான். முதல்லயே சொல்லிடறேன். எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டு, "அடிப்பாவி, நீயெல்லாம் கூடப்பிறந்தவளா?"ன்னு என் மேல பாயக்கூடாது பாருங்க. பாயறதுன்னா இப்பவே பாஞ்சுடுங்க. நான் நிதானமா மிச்சத்தைச் சொல்றேன்.

அக்காவுக்கு நாற்பத்தி நாலு வயசு, எனக்கு நாற்பத்தி ஒண்ணு. மூணு வயசு வித்தியாசத்துக்கு அவ பண்ற அதிகாரம் முப்பது வயசுக்குப் போதும். தைச்ச துணியைத் திருத்திக் குடுக்கிற கடை வச்சிருக்கா. பேண்ட்டைக் குட்டையாக்கறது, இடுப்பைப் பிரிச்சு விடறது, கிழிஞ்ச பாக்கெட்டை மாத்தறது, எல்லாத்துக்கும் மேல ஜிப்பு போடறது. கடைன்னா பெரிசா நினைச்சுக்காதீங்க. ஒரு மெஷின், ஒரு பல்பு, மூலையில ஒரு திரை. திரைக்குப் பின்னாடி போட்டுப் பாக்கறதுக்கு ஒரு கண்ணாடியும் முக்காலியும். குண்டா ஒருத்தர் உள்ள வந்தால் அக்கா வெளியில போய் நின்னுதான் அளவு எடுக்கணும். யாருக்கு ஜிப்பு பிச்சுக்கிட்டாலும் அவகிட்ட ஓடி ஓடி, அவ பேரே ஜிப்புன்னு ஆகிப்போச்சு. பெத்த அம்மாவே சில சமயம் "ஏய் ஜிப்பு, சாப்பிட வா"ன்னுதான் கூப்பிடறாங்க.

தலையில இடது பக்கம் மழுங்கச் சிரைச்சிருப்பா. வலது பக்கம் கிளிப்பச்சை. கறுப்புத் தோல் ஜாக்கெட், அது பூரா ஊக்கு. இடுப்புல சங்கிலி. ஏன் இந்த வேஷம்னு கேக்கறீங்களா? வேஷம் இல்லீங்க, அவ பங்க். எல்லாத்தையும் எதிர்த்துக் கத்தற ராக் பாட்டுக் கூட்டம் அது. இருபத்தஞ்சு வருஷமா ஒரு பங்க் குழுவுல பாடறா. பாடறாள்னு நான் சொல்றது மரியாதைக்கு. கிட்டார்ல மூணு பிடி, ரெண்டே நிமிஷப் பாட்டு, மிச்சமெல்லாம் தொண்டை கிழியற கத்தல். முதலாளி ஒழிக, வாடகை ஒழிக, இஸ்திரி போட்ட சட்டை ஒழிக. நான் பேஸ் கிட்டார் வாசிக்கறேன், வேலைக்கு இஸ்திரி போட்ட சட்டைதான் போட்டுக்கிட்டுப் போறேன். ரெண்டுக்கும் நடுவுல எனக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்ல.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் டயர் கடைக்கு மேல இருக்கிற கூடத்துலதான் எங்க கூத்து. கீழ கடை மூடியிருக்கும், அதனால யாருக்கும் தொந்தரவு இல்ல. படியேறும்போதே ரப்பர் வாசனை மூக்கைப் பிடுங்கும். அறுபது எழுபது பேர் வருவாங்க. நாலு குழு வாசிக்கும். ஆளுக்கு ஒரு பாட்டில், ஓரமா புகை, ஒரு சிலர் பையில பொட்டலம், ஒரு சிலர் வாயில மாத்திரை. பங்க்ன்னா அதுதானேன்னு நீங்க நினைப்பீங்க. அங்க வர்றவங்களும் அப்படித்தான் நினைக்கறாங்க.

எங்க அக்கா மட்டும் தண்ணி குடிப்பா. நிஜத் தண்ணி.

குடி கிடையாது, சிகரெட் கிடையாது, பொட்டலம், மாத்திரை, ஒரு மண்ணும் கிடையாது. இருபத்திரண்டு வருஷமா. ரெண்டு புறங்கையிலயும் கறுப்பு மார்க்கரால பெருசா ஒரு பெருக்கல் குறி போட்டுக்கிட்டுத்தான் மேடை ஏறுவா. முன்னாடியெல்லாம் சில கூடங்கள்ல, வயசு வராத பசங்களுக்கு யாரும் சாராயம் ஊத்திடக் கூடாதுன்னு வாசல்லயே கையில இப்படிக் குறி போட்டு உள்ள விடுவாங்களாம். அப்புறம் வயசு வந்தும் வேணாம்னு இருக்கறவங்க தாங்களே போட்டுக்க ஆரம்பிச்சாங்க. இப்படிப்பட்டவங்க உலகம் பூரா இருக்காங்கன்னு அக்கா சொல்லுவா. எங்க ஊர்ல அவ ஒருத்திதான். அம்மாவுக்கு அந்தக் குறியைக் கண்டாலே ஆகாது. "என் வளர்ப்பையே வாத்தியார் தப்புன்னு போட்டு அனுப்பின மாதிரி இருக்குடி"ன்னு புலம்புவாங்க.

மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சொல்வாங்களே, அது எங்க அக்கா கதை. வெளியில எல்லாருக்கும் அவ ஊரறிஞ்ச குடிகாரி. உள்ள எல்லாருக்கும் அவ சாமியாரம்மா. ஒரு தடவை அக்கா ஓட்டிக்கிட்டு வந்தப்ப போலீஸ்காரர் ஒருத்தர் எங்க வேனை மறிச்சாரு. பச்சைத் தலையைப் பாத்ததும் அவருக்கு மூக்குல வேர்த்துடுச்சு. ஊதுன்னாரு. ஊதினா. சைபர். மறுபடி ஊதுன்னாரு. சைபர். மெஷினைத் தொடையில நாலு தட்டு தட்டிட்டு மூணாவது தடவை ஊதச் சொன்னாரு. அப்புறம் "மெஷின் ரிப்பேர்"ன்னு எழுதிக்கிட்டாரு. பக்கத்து சீட்டுல மூணு பாட்டிலை முழுங்கிட்டு, வாயைத் திறந்தா குட்டு வெளிப்பட்டுடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த என்னைப் பாத்து, "நீங்க எப்படிம்மா இவங்ககூட? நல்ல குடும்பத்துப் பொண்ணா தெரியறீங்க"ன்னாரு. அக்கா வீடு வர்ற வரைக்கும் சிரிச்சா.

அவ ஏன் விட்டான்னு எல்லாரும் கேப்பாங்க. பெரிய சோகக் கதையா எதிர்பாத்து, கன்னத்துல கையை வச்சுக்கிட்டு உக்காருவாங்க. ஒரு சோகமும் இல்ல. அவளுக்கு உயிரா ஒரு குழு இருந்துச்சு. அவங்க எங்க ஊருக்கு வருவாங்கன்னு ஒரு வருஷம் நாள் எண்ணிக்கிட்டிருந்தா. வந்தாங்க. இவ சந்தோஷத்துல ரெண்டு கிளாஸை ஊத்திக்கிட்டு, யாரோ நீட்டின மாத்திரையையும் போட்டுக்கிட்டு, கழிப்பறையில போய் சுருண்டுட்டா. முழிச்சுப் பாக்கறப்ப அவங்க வயரைச் சுருட்டிக்கிட்டிருந்தாங்க. ஒரு பாட்டு கூட அவ கேக்கல. நான் முன் வரிசையில நின்னு கேட்டேன். கேட்டதோட விட்டேனா? ஒரு மாசம் அவ காதுபட அந்தப் பாட்டுங்களை முணுமுணுத்துக்கிட்டே திரிஞ்சேன். ஒருநாள் கத்தரிக்கோலை மேஜை மேல வச்சுட்டு, "இனிமே எதையும் தூங்கிக்கிட்டே கேக்கறதா இல்ல"ன்னா. அவ்ளோதான். அன்னியில இருந்து யாருக்கும் புத்தி சொன்னதும் கிடையாது, எவன் கிளாஸையும் தட்டிவிட்டதும் கிடையாது. ஆனா ஊசி உண்டு.

அந்த ஊசியைப் பத்திச் சொல்லாம அவளைப் பத்திச் சொல்ல முடியாது. ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்க கிட்டார்காரன் போதையில வண்டியை எடுத்து, கேட்டைத் தாண்டறதுக்குள்ள டயர் அடுக்குக்குள்ள விட்டான். ரப்பரா இருந்ததால பொழைச்சான். முன்பல்லு ஒண்ணு போச்சு, பேரு பல்லுன்னு ஆச்சு. கூடத்துச் சொந்தக்காரர், டயர்க்காரர், மறுநாளே காலி பண்ணச் சொல்லிட்டாரு. நாங்க எல்லாரும் போய்க் கெஞ்சினோம். அவர் எங்க எல்லாரையும் மேலயும் கீழயும் பாத்தாரு. கடைசியில அக்காவைக் காட்டி, "இந்தப் பச்சைத் தலைப் பொண்ணு மட்டும்தான் நேத்து நேரா நின்னு பேசிச்சு. வர்றவங்க வண்டிச் சாவி பூரா இது கையில இருக்கணும். தெளிவா இருக்கறவனுக்கு மட்டும் இது திருப்பிக் குடுக்கணும். இது பொறுப்பெடுத்துக்கிட்டாக் கூடம் உண்டு, இல்லன்னா இல்ல"ன்னாரு. எங்க ஊர்ல எங்களுக்கு வேற ஒரு கூடமும் கதவு திறக்காது. அதனால எங்க மொத்தக் கூட்டமும் அக்காவோட ஒரு வார்த்தையில தொங்க ஆரம்பிச்சுது.

அன்னியில இருந்து படிக்கட்டு வாசல்ல முக்காலி போட்டு உக்காருவா. மடியில ஒரு பழைய தலையணை உறை. உள்ள வர்றவன் சாவியை அதுல போடணும். போகும்போது சாவி வேணுமா? அவ ஜாக்கெட் காலர்ல இருந்து சின்னக் காதுள்ள ஊசி ஒண்ணை எடுத்து நீட்டுவா, கூடவே ஒரு முழம் கறுப்பு நூலு. மூணு வாய்ப்பு. கோர்த்தாச் சாவி. கோர்க்கலன்னா நடந்து போ, இல்ல எங்க வேன்ல ஏறு. ஆறடி உயரம், கழுத்துல ஆணி வச்ச பட்டை, கை பூரா பச்சை குத்தின மண்டையோடு, இப்படி ஒருத்தன் நூல் நுனியை எச்சில் பண்ணிக்கிட்டு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, நாக்கைத் துருத்திக்கிட்டு நிக்கறதைப் பாக்கணுமே, கண் கொள்ளாக் காட்சி.

"பங்க்ன்னா சட்டமே கிடையாது. நீயே சட்டம் போடறியே ஜிப்பக்கா?"ன்னு சண்டைக்கு வருவாங்க.

"சட்டம் இல்லடா, ஊசி"ன்னுவா.

இந்த ஊசியால ரொம்ப அவமானப்பட்டவன் எங்க டிரம்ஸ்காரன். பேரு இடி. வாசிக்கறதும் இடி, பேசறதும் இடி. தொடர்ந்து மூணு ஞாயிறு தோத்து வேன்ல வீட்டுக்குப் போனவன், நாலாவது ஞாயிறும் தோத்தான். நூலைத் தூக்கி வீசிட்டு, "இதை எவளாலயும் கோர்க்க முடியாது. நீ கோர்த்துக் காட்டு பாக்கலாம்!"னு கத்தினான்.

எல்லாரும் சுத்தி நின்னுட்டாங்க. அக்கா சிரிச்சா. முப்பது வருஷமா ஊசி பிடிக்கிற கை. நூலை நறுக்கினா, விரல்ல உருட்டினா, நீட்டினா. நூல் ஊசிக்குப் பக்கத்துல போய் நின்னுச்சு. உள்ள போகல. ரெண்டாவது தடவை கையை நல்லா தள்ளி நீட்டி, தலையைப் பின்னாடி இழுத்துப் பாத்தா. போகல. மூணாவது தடவையும் போகல. அக்கா ஊசியைக் காலர்ல குத்திக்கிட்டு, "வெளிச்சம் சரியில்ல"ன்னா.

சாயங்காலம் அஞ்சு மணி. சன்னல் வழியா வெயில் அவ மூஞ்சி மேலயே அடிச்சுக்கிட்டிருந்துச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

இடி என்னை ஓரமா இழுத்துட்டுப் போய், "உங்க அக்கா குடிக்கறாளா?"ன்னு கேட்டான். "வாயைக் கழுவுடா"ன்னு நான் ஒரு அறை விட்டிருக்கணும். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ஒரு பெருமூச்சு விட்டேன். ஒரு பொய் கூடச் சொல்லல. பெருமூச்சு விட்டவ மேல யாரும் கேஸ் போட முடியாது. "கொஞ்ச நாளாவே ஒரு மாதிரிதான் இருக்கா"ன்னு மட்டும் சேர்த்துக்கிட்டேன். அதுக்கு அவங்களே கண்ணு, காது, மூக்கு எல்லாம் வச்சுக்கிட்டாங்க.

வச்சதுக்கு ஏத்த மாதிரி சாட்சியும் கிடைச்சுது. ஜாக்கெட் தைக்கக் குடுக்கற சாக்குல இடி ரெண்டு நாள் அவ கடையில போய் உக்காந்திருந்தான். "அரை மணிக்கு ஒரு தடவை திரைக்குப் பின்னாடி போறா. ரெண்டு நிமிஷம். வரும்போது மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு வர்றா"ன்னான். கண்ணு சிவந்திருக்குன்னான். தலைவலின்னு நெத்தியைப் பிடிச்சுக்கறாள்னான். "பில்லைக் கையில குடுத்தா, அதைப் படிக்காம தூரமா நீட்டி முறைச்சுப் பாக்கறா. குடிகாரன் புத்தி அப்படியே இருக்கு"ன்னான். எல்லாம் உண்மை. வீட்டுலயும் நானே பாத்திருந்தேன்.

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? சந்தோஷமா இருந்துச்சு. சொல்லவே வெக்கமா இருக்கு, ஆனா அதுதான் நிஜம். இருபத்திரண்டு வருஷமா அவ தண்ணியோட, நான் பாட்டிலோட. காலையில தலையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்கிறவ நான், டீ போட்டு வைக்கறவ அவ. ஒரு வார்த்தை குத்திக் காட்டினதில்ல. குத்திக் காட்டியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். வீட்டுல நான் ஒருத்தி மட்டுமே தப்பு பண்றவளா இருந்து இருந்து எனக்கு அலுத்துப் போச்சு. அவளும் விழுந்துட்டாள்னு தெரிஞ்சதும், அப்பாடா, துணைக்கு ஆள் வந்தாச்சுன்னு இருந்துச்சு.

அம்மா முன்னாடியும் ஒரு பெருமூச்சு விட்டுப் பாத்தேன். "என்னடி, மூச்சுத் திணறுதா? டாக்டரைப் போய்ப் பாரு"ன்னுட்டு டிவி சத்தத்தைக் கூட்டிட்டாங்க.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? புதன்கிழமைக்குள்ள டயர்க்காரர் காதுக்கு எட்டிடுச்சு. வேன் டயருக்குக் காத்தடிக்கப் போனப்ப என்னைக் கூப்பிட்டு, "உங்க அக்காவைப் பத்தி ஏதேதோ சொல்றாங்களே, நிஜமா?"ன்னாரு. நான் மறுபடியும், பழக்க தோஷம், ஒரு பெருமூச்சு விட்டேன். அவர் முகம் இருண்டு போச்சு. "அந்தப் பொண்ணை நம்பித்தான் இடம் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை நானே மேல வர்றேன். என் கண்ணு முன்னாடி அது ஊசி கோர்க்கட்டும். கோர்க்கலன்னா அன்னியோட கூடத்தைப் பூட்டிடறேன்"ன்னாரு. அப்பதான் விஷயம் கை மீறிப் போச்சுன்னு எனக்குப் புரிஞ்சுது. ஆனா சொன்ன வார்த்தையையே திருப்பி வாங்க முடியாது, விட்ட பெருமூச்சை எப்படி வாங்கறது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிஞ்சு, ரெண்டு பீர் பாட்டில் வாங்கிக்கிட்டு அக்கா கடைக்குப் போனேன். அது போக, தைரியத்துக்கு வழியிலயே தனியா ஒண்ணு போட்டாச்சு. என் திட்டம் இதுதான்: உண்மையைச் சொல்லி, கட்டிப் பிடிச்சு, ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து குடிச்சு, ஞாயித்துக்கிழமைக்கு என்ன பண்ணலாம்னு யோசிக்கறது. ஷட்டர் பாதி இறங்கியிருந்துச்சு. குனிஞ்சு உள்ள போனேன். மெஷின்ல ஆள் இல்ல. திரைக்குப் பின்னாடி நிழல் அசையுது. தலையைப் பின்னாடி சாய்ச்சு, கையை மேல தூக்கி... மாட்டினியா! கையும் களவுமா பிடிச்சுடணும்னு திரையை ஒரே இழுப்பா இழுத்தேன்.

அக்கா முக்காலியில உக்காந்து, பல்புக்கு நேரா ஊசியைத் தூக்கிப் பிடிச்சு நூல் கோர்த்துக்கிட்டிருந்தா. மூக்கு மேல ஒரு மூக்குக் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி இல்ல, பழுப்பு நிறத்துல சதுரமா, முகத்துல பாதியை மறைக்கற கண்ணாடி. அதுக்கு ஒரு பாசிமணிக் கயிறு வேற.

நான் என்ன வேலை பாக்கறேன்னு உங்களுக்கு இன்னும் சொல்லல இல்ல? வெக்கத்துலதான் சொல்லல. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறேன். பதினோரு வருஷமா. நாற்பது தாண்டி யார் கடைக்குள்ள வந்தாலும், "பக்கத்துல வச்சா எழுத்து தெரியலையா? தள்ளி வச்சுப் படிக்கறீங்களா? தலை வலிக்குதா? வெள்ளெழுத்துங்க, எல்லாருக்கும் வர்றதுதான்"னு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஒப்பிக்கிற வாய் இது. வீட்டுல ஒருத்தி சோத்துத் தட்டைத் தவிர எல்லாத்தையும் தள்ளி வச்சுப் பாக்கறா, எனக்கு உறைக்கல. குடின்னு முடிவு கட்டிட்டேன்.

தரையில உக்காந்து சிரிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். அக்கா கண்ணாடியைக் கழட்டிப் பூட்ஸுக்குள்ள சொருகினா. அதுதான் இத்தனை நாள் ஒளிச்சு வச்ச இடமாம்.

"ஏன்டி, என் கடைக்கு வந்திருக்கக் கூடாதா? நான் நல்லதா ஒண்ணு பாத்துக் குடுத்திருப்பேனே!"

"உன்கிட்டச் சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும். பஸ் நிலையத்துல தொங்கவிட்டு விப்பாங்களே, அங்க வாங்கினேன்."

"இதை அன்னிக்கே மாட்டிக்கிட்டுக் கோர்த்திருக்கலாமே?"

"அத்தனை பேர் முன்னாடியா? இருபது வயசுப் பசங்க நிக்கறாங்கடி. பச்சைத் தலை, சங்கிலி, மூக்குல கண்ணாடி. கிளிக்கு வாத்தியார் வேஷம் போட்ட மாதிரி இருக்கும். குடிகாரின்னு சொன்னாக் கூட ஒரு கெத்து இருக்கு. வெள்ளெழுத்துன்னா? அடுத்த நாளே பாட்டின்னு கூப்பிடுவானுங்க."

அப்பதான் என் கையில இருந்த பாட்டிலைக் கவனிச்சா. ரெண்டு பாட்டில். ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு யாருக்குன்னு கேக்க வேண்டிய அவசியமே இல்ல. சிரிப்பு அப்படியே நின்னுடுச்சு.

"நீயுமா நம்பிட்ட?"ன்னா.

அவ ஒரு பாட்டிலை என் கையில இருந்து வாங்கினா. மூடியைத் தடவிக்கிட்டு, அதையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா. என் தலையிலதான் உடைக்கப் போறான்னு நினைச்சேன். உடைக்கல. மெஷினுக்கு அடியில வச்சுட்டு, என் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டு வாங்கி, என்னைப் பின்னாடி உக்கார வச்சு வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தா. வாசல்ல இறங்கும்போது, "கண்ணாடி விஷயத்தை வெளியில சொன்னே, உன்னையும் ஒரு பல்லா ஆக்கிடுவேன்"ன்னா. ஞாயித்துக்கிழமை டயர்க்காரர் வர்றதைச் சொன்னேன். "தெரியும்"னுட்டு உள்ள போயிட்டா.

ஞாயித்துக்கிழமை கூடம் நிரம்பி வழிஞ்சுது. பாட்டுக் கேக்கவா வந்தாங்க? வேடிக்கை பாக்க. டயர்க்காரர் வெள்ளைச் சட்டையில படியேறி வந்தாரு, கையில பெரிய பூட்டு. அக்கா முக்காலியில இருந்து எழுந்து நின்னா. புறங்கை ரெண்டுலயும் பெருக்கல் குறி புதுசா, கறுகறுன்னு.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்கம்மா. கோர்த்துக் காட்டிட்டீங்கன்னா நான் போயிடறேன்"னாரு.

அக்கா ஊசியைக் கையில எடுத்தா. இடி பல்லை இளிச்சுக்கிட்டு முன்னாடி நின்னான். போட்டுக்கோடி, போட்டுக்கோடின்னு மனசுக்குள்ள கத்தறேன். அவ வெறும் கண்ணோட ஒரு தடவை நூலை நீட்டினா. போகல. யாரோ "ச்சு"ன்னாங்க. ரெண்டாவது தடவை. போகல. டயர்க்காரர் பூட்டை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்தினாரு.

அக்கா கூட்டத்தை ஒரு சுத்து பாத்தா. அப்புறம் குனிஞ்சு பூட்ஸுக்குள்ள கையை விட்டா. "பாட்டிலை எடுக்கறா!"ன்னான் இடி. எடுத்தது கண்ணாடி. கயிறு காதுல சிக்க, நிதானமா எடுத்துவிட்டு, மூக்கு மேல ஏத்தி, ஊசியை நீட்டி, ஒரே குத்து. நூல் அந்தப் பக்கம் வந்து தொங்குச்சு.

இடிக்கு வாயில ஈ போனாக் கூடத் தெரிஞ்சிருக்காது. முதல்ல பேசினது டயர்க்காரர்தான். "எத்தனை பவர்?"னாரு. "ஒண்ணரை"ன்னா. "எனக்கு ரெண்டு. அதைக் குடுங்க பாப்போம்"னு வாங்கி மாட்டிப் பாத்தாரு. பூட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, "சட்டம் கனமா இருக்கு. மூக்குல தடம் விழும். உங்க தங்கச்சி கடையில லேசானது கிடைக்குமே"ன்னாரு. கூடமே அதிர்ந்து சிரிச்சுது. அந்தச் சிரிப்புக்கு நடுவுல பல்லு மெதுவா தன் கிட்டார் பெட்டியைத் திறந்து, ரொம்பப் பழசா ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டான். அப்புறம் பின் வரிசையில ஒருத்தி. அப்புறம் இன்னொருத்தன், தொப்பிக்குள்ள இருந்து. நாற்பது தாண்டின பங்க் மொத்தமும் பொட்டலத்தை வெளியில வச்சுக்கிட்டு கண்ணாடியை ஒளிச்சு வச்சிருந்திருக்கு!

அன்னிக்கு அக்கா கண்ணாடியோடயே மேடை ஏறினா. ரெண்டாவது பாட்டுல அது பறந்து போய் ஆம்ப்ளிஃபயர் பின்னாடி விழுந்துச்சு. இருபது வயசுப் பசங்க மூணு பேர் நாலு கால்ல தேடி எடுத்து, சட்டையில துடைச்சுக் குடுத்தாங்க. ஒருத்தன் கூடப் பாட்டின்னு கூப்பிடல. இடி மட்டும் போகும்போது ஊசியை வாங்கிப் பாத்துட்டு, திருப்பிக் குடுத்துட்டு வேன்ல போய் உக்காந்துக்கிட்டான்.

ஆறு மணிக்கு எல்லாரும் போன பிறகு, படிக்கட்டுல அவளும் நானும் மட்டும் உக்காந்திருந்தோம். அவ தலையணை உறையை மடிச்சுக்கிட்டிருந்தா.

"அக்கா, அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"டயர்க்காரர் வியாழக்கிழமையே கடைக்கு வந்து சொல்லிட்டாரு. 'உங்க தங்கச்சியே வருத்தப்படறாங்கம்மா'ன்னாரு."

வெள்ளிக்கிழமை நான் பாட்டிலோட போனப்பவே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு உடம்பே கூசிப் போச்சு. "அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கூடக் கேக்கல? நாலு அறை விட்டிருக்கலாமே?"ன்னேன்.

அவ உறையை இன்னொரு மடிப்பு மடிச்சா. "விடத்தான் நினைச்சேன். ஆனா திரையை இழுத்துட்டு நின்னப்ப உன் மூஞ்சியில அவ்ளோ சந்தோஷம்டி. நான் குடிக்கறேன்னு நினைச்சு. அவ்ளோ சந்தோஷமா உன்னை நான் பாத்தே ரொம்ப நாளாச்சு. பாட்டிலைக் கையில வாங்கினேன்ல, அப்ப தோணுச்சு. போகட்டும், இவளுக்காக ஒண்ணு குடிச்சாத்தான் என்னன்னு. இருபத்திரண்டு வருஷத்துல அன்னிக்கு ஒரு தடவைதான் தோணுச்சு."

"அப்புறம் ஏன் குடிக்கல?"

"நீ ஏற்கெனவே ஒண்ணு போட்டுட்டு வந்திருந்த. நானும் குடிச்சா உன்னை யாருடி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?"

நான் அழுதேன். கிளப்பிவிட்டதுக்கா, அவ பாட்டிலை வாங்கினதுக்கா, கீழ வச்சதுக்கா, எதுக்குன்னு தெரியல. அவ தோள்ல சாஞ்சு நல்லா சத்தம் போட்டு அழுது, அந்தத் தோல் ஜாக்கெட்லயே மூக்கைத் துடைச்சேன்.

"ஏய், ஊக்கு குத்தும், பாத்து"ன்னா.